அப்பா டிராயரில் கிடைத்த குட்டி கேசட் எதில் ஓடும்?

மேசைடிராயர் | திங்கள், இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போவதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

வீடு மாறப்போகிறோம். அப்பாவின் மேசையை இன்றைக்குத்தான் காலி செய்தேன். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. பூட்டியிருந்த டிராயரின் சாவியை அதுவரை யாரும் தேடவில்லை, நான் உள்பட. உள்ளே இருந்தவை: சக்கரம் மாதிரி வட்டமான டைப்ரைட்டர் ரப்பர் ஒன்று, அதன் வாலில் பச்சை பிரஷ். பாதி பாக்கெட் கார்பன் பேப்பர். ‘முக்கியம்’ என்று எழுதி ஒட்டிய ஒரு பிளாப்பி. ரப்பர் பேண்ட் போட்ட வெற்றுத் தாள்கள், முப்பது நாற்பது இருக்கும், வழவழவென்று சுருண்டுகொண்டு. பேண்டைத் தொட்டதும் பொடிந்துவிட்டது. அப்புறம் ஒரு குட்டி கேசட். தீப்பெட்டி அளவுதான், அதைவிட மெல்லிசு.

கேசட் என்றால் என்னவென்று தெரியாதவள் இல்லை நான், பென்சில் விட்டுச் சுற்றிய தலைமுறைதான். ஆனால் இது அந்த கேசட் இல்லை. இது என்ன, எதில் ஓடும்? இன்னொன்று: எதையும் சும்மா வைத்துக்கொள்ளாத மனுஷர், வெற்றுத் தாளை எதற்கு பேண்ட் போட்டுப் பூட்டி வைத்தார்?

நிழல்நாடா | திங்கள், இரவு 9.52

அவசரப்பட்டு எதிலும் போட்டுவிடாதீர்கள். முதலில் என்ன ரகம் என்று பார்த்துவிடலாம்.

அந்த அளவில் இரண்டு ரகம் உண்டு. இரண்டும் ஆபீஸ் டிக்டேஷனுக்கு வந்தவை, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றுக்கான கருவியில் மற்றது ஓடாது. 1967இல் பிலிப்ஸ் கொண்டுவந்தது மினி கேசட். 1969இல் ஒலிம்பஸ் கொண்டுவந்தது மைக்ரோ கேசட். மினியில் நாடாவைச் சீராக இழுக்கிற கேப்ஸ்டன் தண்டு கிடையாது, சக்கரத்தையே மோட்டார் சுற்றும். சக்கரத்தில் நாடா சேரச் சேர விட்டம் பெருகுமே, அதனால் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். பேச்சுக்கு அது போதும், பாட்டுக்கு ஆகாது. மைக்ரோவில் பெரிய கேசட்டைப் போலவே கேப்ஸ்டன் உண்டு. அந்தத் தண்டு நுழைய நாடாவுக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டை இருக்கும், பாருங்கள். ஓட்டை இருந்தால் மைக்ரோ.

அது மைக்ரோ என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், கருவி பழைய சாமான் கடையில் எங்காவது கிடைக்கும். ஆனால் கருவி கிடைத்ததும் பிளே அழுத்தாதீர்கள். இத்தனை வருடத்தில் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும், அழுத்து ரோலர் பிசுபிசுத்துப்போயிருக்கும், நாடாவைச் சப்பித் துப்பிவிடும். வேறு ஏதாவது வேண்டாத கேசட்டைப் போட்டு ஓட்டிப்பார்த்துவிட்டு அப்புறம் இதைத் தொடுங்கள்.

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 10.15

அம்மா, அது வெற்றுத் தாள் இல்லை. பேக்ஸ்.

வழவழவென்று சுருளுகிறது என்றீர்களே, அதிலேயே தெரிந்துவிட்டது. அந்தக் காலத்து பேக்ஸ் மெஷினில் மை கிடையாது. தாளிலேயே ரசாயனம் பூசியிருக்கும், சூடு பட்ட இடம் கறுக்கும். ரோலாக வரும், அதனால்தான் அந்தச் சுருட்டல். பிரச்சினை என்னவென்றால் அந்தக் கறுப்பு நிற்காது. வெயில் பட்டால் போகும், பிளாஸ்டிக் உறையில் போட்டால் அந்தப் பிளாஸ்டிக்கில் இருப்பதே எழுத்தைத் தின்றுவிடும், ஒன்றுமே செய்யாமல் வைத்திருந்தாலும் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மறையும். எங்கள் ஆபீஸில் பேக்ஸ் வந்ததும் முதல் வேலை அதை ஜெராக்ஸ் எடுப்பதுதான். எடுக்க மறந்த ஒரு பேக்ஸுக்காக நான் பட்ட பாடு பெரிய கதை, இன்னொரு நாள்.

இன்றைக்கு ஏடிஎம் சீட்டும் கடை பில்லும் இதே சாதிதான். பர்ஸில் வைத்து ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்டை ஏற்றிப் பாருங்கள். சில தாளில் வெளிறிய தடம் கொஞ்சம் தெரியும்.

சும்மாவந்தவன் | திங்கள், இரவு 11.03

கோபப்படாதீர்கள், ஒரு சந்தேகம். சூடு பட்டால் கறுக்கும், வெயில் பட்டால் வெளுக்கும், வைத்தாலும் அழியும். இப்படி ஒரு சாமானை ஆபீஸ் முழுக்க வைத்துக்கொண்டு எப்படி வேலை பார்த்தீர்கள்? இந்த இழையில் அடுத்து ‘அந்தக் காலம் மாதிரி வராது’ என்று யாராவது எழுதத்தான் போகிறார்கள். எழுதுவதற்கு முன்னாலேயே என் ஆட்சேபணையைப் பதிவு செய்துகொள்கிறேன். இதெல்லாம் தொல்லை. போனது நல்லது.

ஸ்டென்சில்அக்கா | செவ்வாய், காலை 6.40

தம்பி சும்மாவந்தவனுக்கு என் முழு ஆதரவு. முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டென்சில் வெட்டுவது என்றால் என்ன என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? மெழுகு பூசிய தாள். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்குகிற நெம்புகோல் இருக்கும், அதைத் தள்ளினால் எழுத்தச்சு நேராகத் தாளில் மோதும், மெழுகு விலகும். அந்த வழியாகத்தான் பிறகு மை இறங்கும். மெல்ல அடித்தால் எழுத்து விழாது. ஓங்கி அடித்தால் ஆங்கில ‘ஓ’வின் நடு வட்டம் கழன்று கீழே விழுந்துவிடும், அச்சில் கறுப்புப் பொட்டாக வரும். கமாவுக்கும் புள்ளிக்கும் பூப்போலத் தொடவேண்டும், இல்லையென்றால் குண்டூசியால் குத்திய மாதிரி ஓட்டை. அதாவது ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு பலம். ஒரு பக்கம் முடிவதற்குள் தோள்பட்டை இறங்கிவிடும். நடுவில் தப்பு வந்தால் சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதி, காய்ந்த பிறகு அதே இடத்தில் மறுபடி அடிக்கவேண்டும். நகப்பாலிஷ் மாதிரி வாசனை. இன்றைக்கு அதை நினைத்தால் மணக்கிறது, அன்றைக்குத் தலைவலிதான் வந்தது.

அதை டூப்ளிகேட்டர் உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் சட்டைக் கையெல்லாம் மை. கெஸ்டட்னர் என்று கம்பெனிப் பெயரைச் சொல்லித்தான் அந்த மெஷினைக் கூப்பிடுவோம், பிரதிக்கு ‘சைக்ளோஸ்டைல்’ என்று பெயர். டேவிட் கெஸ்டட்னர் அந்த முறையைக் கொண்டுவந்தது 1881 வாக்கில். நூறு வருடம் அதே சுற்றுதான், யோசித்துப்பாருங்கள்.

கார்பன் காப்பி அதற்கு மேல். நாலு காப்பி வரை படிக்கலாம், ஐந்தாவது காப்பி யாருக்குப் போகிறதோ அவர் கண்ணாடி போட்டவராக இருந்தால் நல்லது. ஒரு எழுத்து தப்பினால் அசலிலும் ஒவ்வொரு காப்பியிலும் தனித்தனியாக அழிக்கவேண்டும், அழிக்கும்போது மற்றதில் கறை படாமல் இடையில் துண்டுத் தாள் சொருகவேண்டும். அம்மா, உங்கள் அப்பா வைத்திருந்த ரப்பரின் வாலில் உள்ள பிரஷ் அந்தத் தூளைத் தட்டிவிடத்தான். தூள் மெஷினுக்குள் விழுந்தால் எழுத்துக் கம்பி சிக்கும். ஒரு தடவை கார்பனைத் திருப்பி வைத்துவிட்டேன். இரண்டு பக்கக் கடிதம், முழுக்க அடித்து முடித்து உருவினால் காப்பி வெள்ளையாக இருக்கிறது, அசலின் முதுகில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி தலைகீழ் எழுத்து. மேலதிகாரி அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்துக் காட்டினார், ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

பிறகு ஜெராக்ஸ் மெஷின் வந்தது. என் ஸ்டென்சில் வேலை ஒரே மாதத்தில் போயிற்று. எனக்கு வருத்தமா? இல்லவே இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும். வரி முடியப்போகிறது என்று ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு மணி அடிக்கும் பாருங்கள், ‘டிங்’. அதற்குள் சொல்லை முடிக்க முடியுமா, ஹைஃபன் போடவேண்டுமா என்று கை தானே முடிவெடுக்கும். அந்த மணி மட்டும் இப்போதும் சில நாள் கனவில் கேட்கிறது.

சும்மாவந்தவன் | செவ்வாய், காலை 8.11

அக்கா, ஆதரவுக்கு நன்றி. ஆனால் இப்போதுதான் தலையில் ஏறுகிறது. ஈமெயிலில் ‘சிசி’ என்று இருக்கிறதே, அது கார்பன் காப்பியா? பத்து வருடமாக தினமும் அழுத்துகிறேன், என்னவென்று கேட்டதில்லை.

ஸ்டென்சில்அக்கா | செவ்வாய், காலை 8.30

அதுவேதான். உன் கீபோர்டில் ‘ஷிஃப்ட்’ என்று இருக்கிறதே, அதுவும் நிஜமாகவே நகர்த்துவதுதான். 1874இல் ரெமிங்டன் விற்ற முதல் டைப்ரைட்டரில் பெரிய எழுத்து மட்டுமே இருந்தது. 1878இல் வந்த இரண்டாவது மாடலில் ஒரே கம்பியில் பெரியதும் சிறியதுமாக இரண்டு எழுத்து, விசையை அழுத்தினால் தாள் உருளை அப்படியே நகர்ந்து மற்ற எழுத்துக்கு இடம் கொடுக்கும். அந்தக் கனத்தைச் சுண்டுவிரலால் தூக்கியவள் நான். உனக்கு அது இறகு.

இன்னும் ஒன்று. நிறைய மெஷின்களில் ‘1’ என்ற எண்ணே கிடையாது. ஆங்கிலச் சின்ன ‘எல்’தான் ஒன்று. ஆச்சரியக்குறி வேண்டுமா, மேற்கோளின் ஒற்றைக் குறியை அடித்து, ஒரு தட்டுப் பின்னால் போய், கீழே புள்ளி வைக்கவேண்டும். மூன்று அடி. அதனால்தான் எங்கள் காலத்துக் கடிதத்தில் யாரும் சும்மா சும்மா ஆச்சரியப்படவில்லை.

ஒன்பதுஊசி | செவ்வாய், மதியம் 1.05

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சர்வீஸ் செய்கிறேன். செய்தேன் இல்லை, செய்கிறேன். எத்தனையோ ஆபீஸில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் அக்கா சொன்ன அதே கார்பன்தான்: லேசர் பிரிண்டர் தாளைக் குத்துவதே இல்லை, இதில் ஊசி குத்துகிறது. மூன்று அடுக்கு ரசீதில் மூன்றாவது தாள் வரைக்கும் எழுத்து இறங்கவேண்டும் என்றால் குத்தித்தான் ஆகவேண்டும்.

சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லுவேன். ஒரு ஊசி செத்தால் எழுத்துகளின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும், ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ‘க்ரீச்’ கொஞ்சம் மெலிந்திருக்கும். தாளின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட பட்டை வருமே, அதைக் கிழித்து ஸ்பிரிங் மாதிரி மடித்து விளையாடாத பிள்ளை உண்டா? ஒரு ஓட்டை பல் தவறி மாட்டியிருந்தால் போதும், இருநூறாவது பக்கத்தில் தாள் கோணலாகி மொத்தமும் கந்தல். ராத்திரி ரிப்போர்ட் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் காலையில் வந்து பார்க்கும் காட்சி அதுதான்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், மாலை 4.48

நீங்கள் எல்லாம் கரண்ட் வந்த பிறகு பிறந்த சாமான்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷின். ஓட்னர் என்பவர் வடிவமைத்த வகை. சக்கரத்துக்குள்ளிருந்து பல் நீளும், சுருங்கும்.

347ஐ 26ஆல் பெருக்கவேண்டுமா? 347ஐ வைத்து ஆறு சுற்று. விடை எண்கள் இருக்கும் வண்டியை ஒரு இடம் தள்ளி இரண்டு சுற்று. முடிந்தது. எட்டுச் சுற்றில் விடை. சரி, 29ஆல் பெருக்க? ஒன்பதும் இரண்டும் பதினோரு சுற்று என்று சுற்றுகிறவன் புதிதாக வந்தவன். பழைய கை என்ன செய்யும் தெரியுமா, பத்தின் இடத்தில் முன்னால் மூன்று சுற்று, ஒன்றின் இடத்தில் பின்னால் ஒரு சுற்று. முப்பதில் ஒன்று போனால் இருபத்தொன்பது. நாலே சுற்று. இதை யாரும் சொல்லித் தரவில்லை, பக்கத்து மேசைக்காரர் எனக்கு முன்னால் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அந்த எரிச்சலில் கற்றுக்கொண்டது.

வகுத்தல் இன்னும் அழகு. கழித்துக்கொண்டே போகவேண்டும். ஒரு சுற்று அதிகமாகிவிட்டால் மணி அடிக்கும். ஒன்றைத் திருப்பிக் கூட்டிவிட்டு வண்டியைத் தள்ளவேண்டும். பத்துப் பேர் வகுத்தல் போட்டால் அறை முழுக்க மணிதான். 1972இல் எச்பி-35 என்ற கால்குலேட்டர் வந்தபோது, நழுவும் அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்ட ஸ்லைடு ரூல்காரர்கள் அழுதார்கள் என்பார்கள். எங்கள் அறையில் கால்குலேட்டர் வந்த அன்று எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: அமைதி.

மேசைடிராயர் | செவ்வாய், இரவு 9.35

நான் கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது ஒரு மியூசியம். எல்லோருக்கும் நன்றி.

நிழல்நாடா அண்ணா, ஓட்டை இருக்கிறது. மைக்ரோ. உறவினர் ஒருவரிடம் ரிக்கார்டர் ஒன்று இருக்கிறதாம், கேட்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை ஐயா, நீங்கள் சொன்னபடி ஸ்கேன் செய்தேன். முப்பத்தேழு தாளில் மூன்றில் மட்டும் மேலே ஓரத்தில் தேதி வரி தெரிகிறது, 1998. மீதி போயே போய்விட்டது.

‘முக்கியம்’ பிளாப்பியைப் படிக்க டிரைவ் வாங்கினேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு: இன்னொரு பிளாப்பியில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். அந்த இன்னொரு பிளாப்பி கிடைக்கவில்லை. அப்பாவேதான்.

பிளாப்பியைப் பார்த்ததும் எனக்கு, போன் லைனில் டயல் செய்து இன்டர்நெட்டுக்குப் போகும் அந்தக் காலத்து மோடம் ஞாபகம் வந்தது. ராத்திரி ஊரடங்கிய பிறகு அது கத்துகிற கத்தலில் அம்மா எழுந்துவிடுவார் என்று எங்கிருந்தோ ஒரு கட்டளை கண்டுபிடித்து வைத்திருந்தேன். டயல் செய்யும் எண்ணுக்கு முன்னால் ‘எம்’மும் பூஜ்யமும் போட்டால் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். அதன் பிறகு ராத்திரி என்ன, சாயந்தரமே யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்துவிடுவேன்.

ஒன்பதுஊசி | செவ்வாய், இரவு 10.02

பட்டியல் மட்டும் இருக்கும் பிளாப்பி! இதைவிட உண்மையான ஆவணம் கிடைக்காது.

1.44 எம்பி என்று அதன் மேல் போடுவார்களே, அந்தக் கணக்கே ஒரு கூத்து. 1440ஐ 1024ஆல் பெருக்கினால் வருகிற 14,74,560 பைட். ஆயிரக் கணக்கில் பார்த்தாலும் 1.44 இல்லை, 1024 கணக்கில் பார்த்தாலும் 1.44 இல்லை. இரண்டையும் ஆளுக்குப் பாதி கலந்தால்தான் 1.44 வரும். இத்தனைக்கும் ஜப்பான் அரசு தன் விதிகளில் பிளாப்பியில் சமர்ப்பிக்கச் சொன்ன இடங்களையெல்லாம் நீக்கி முடித்தது 2024இல்தான்.

சும்மாவந்தவன் | புதன், காலை 7.50

சரி, நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய டப்பா டிவி இருந்த வீட்டுக்கு வெளியில் நின்றுகொண்டே, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்திருந்தாலும், உள்ளே டிவி ஓடுகிறதா இல்லையா என்று சின்ன வயதில் என்னால் சொல்ல முடியும். காதுக்குள் ஊசி மாதிரி ஒரு ‘ஈஈ’. பெரியவர்கள் யாரும் நம்பவில்லை.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 9.15

நாங்களும் நம்பவில்லை.

நிழல்நாடா | புதன், காலை 9.40

ஐயா, பையன் சொல்வது நிஜம். ஒரு படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம். பெருக்குங்கள், உங்கள் மெஷினிலேயே சுற்றிப் பாருங்கள்: 15,625. நொடிக்கு அத்தனை தடவை மின்னணுக் கற்றையை இடமிருந்து வலமாக இழுத்தடிக்கும் டிரான்ஸ்பார்மர் அதே வேகத்தில் அதிரும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சுருதி கேட்கும். வயது ஏற ஏறக் காது முதலில் கைவிடுவது மேல் சுருதிகளைத்தான். அதனால் கேட்ட பிள்ளைக்கும் கேட்காத பெரியவர்களுக்கும் சண்டை. இன்றைக்கு அந்த டிவியைப் போட்டால் தம்பிக்கே கேட்காது என்று நினைக்கிறேன்.

பல்ஸ்டயல் | புதன், மதியம் 2.30

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவன். யாருமே சுழல் டயலைப் பற்றிப் பேசாதது மனசுக்குக் கஷ்டமாக இருப்பதால் நுழைகிறேன்.

டயலைச் சுற்றும்போது ஒன்றுமே நடக்காது. பலரும் சுற்றுவதுதான் வேலை என்று நினைத்தார்கள். விரலை எடுத்ததும் அது ‘கிர்ர்ர்’ என்று தானாகத் திரும்புகிறதே, அப்போதுதான் நம்பர் போகிறது. திரும்பும் வழியில் லைனைத் துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கும். மூன்று என்றால் மூன்று துண்டிப்பு. சைபர் என்றால் பத்து. நொடிக்குப் பத்து என்ற வேகம் மாறாமல் இருக்க உள்ளே ஒரு கவர்னர் உண்டு, நீங்கள் கோபத்தில் சுற்றினாலும் அது நிதானமாகத்தான் திரும்பும். அவசரத்துக்கு விரலை டயலோடு சேர்த்துத் திருப்பித் தள்ளுகிறவர்கள் இருந்தார்கள். ராங் நம்பரெல்லாம் அவர்கள் கொடுத்தவை.

லைனைத் துண்டிப்பதுதான் விஷயம் என்றால் டயல் எதற்கு? ரிசீவர் வைக்கும் கொக்கியையே டக் டக்கென்று தட்டினால் போதும். டயலுக்குப் பூட்டுப் போட்டு வைத்த வீடுகளில் பிள்ளைகள் இப்படித்தான் பேசினார்கள். ஒன்பதைத் தட்டுவதற்குள் கை தடுமாறும், பழகிவிட்டால் வரும். பெற்றவர்களுக்கு பில் வந்த பிறகுதான் தெரியும்.

சின்ன எண் சீக்கிரம் போகும், பெரிய எண் நேரம் எடுக்கும். 1947இல் அமெரிக்காவில் பகுதி எண்கள் கொடுத்தபோது நியூயார்க்குக்கு 212 கொடுத்ததன் கணக்கும் இதுதான். மொத்தம் ஐந்தே துடிப்பு. கூட்டம் அதிகமான ஊருக்கு லைன் சீக்கிரம் விடவேண்டும்.

எக்ஸ்சேஞ்சுக்குள் அந்தத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பிக் கை ஒரு படி ஏறும், அப்புறம் பக்கவாட்டில் நகரும். ஸ்ட்ரோஜர் கருவி என்று பெயர். 1891இல் காப்புரிமை வாங்கிய ஆல்மன் ஸ்ட்ரோஜர் இன்ஜினியர் இல்லை, சவ அடக்க வேலை செய்தவர். தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில், ஆபரேட்டரே இல்லாமல் செய்துவிட்டார் என்பது எங்கள் பயிற்சி வகுப்பில் சொன்ன கதை. காலை பத்து மணிக்கு அந்த அறைக்குள் நின்றால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம். சத்தம் திடீரென்று கூடினால் ஊரில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். செய்தி வருவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும், என்ன செய்தி என்பது மட்டும் தெரியாது.

கரண்ட் போனாலும் அந்தப் போன் பேசும், அதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சில் இருந்து 48 வோல்ட் லைனிலேயே வரும். இருட்டில் வேலை செய்த ஒரே சாமான் அதுதான்.

நெறியாளர் | புதன், மாலை 5.00

இழை அருமையாகப் போகிறது. கேசட் விஷயத்தை மட்டும் விட்டுவிடவேண்டாம்.

மேசைடிராயர் | வியாழன், இரவு 8.10

ரிக்கார்டர் வந்துவிட்டது. வேண்டாத கேசட் ஒன்றை முதலில் ஓட்டிப்பார்த்தேன், நன்றாக ஓடியது. அப்பா கேசட்டைப் போட்டேன்.

என்னமோ சின்னக் குழந்தை கீச்கீச்சென்று அவசரமாகப் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஒரு சொல் புரியவில்லை. எங்கள் வீட்டில் அந்த வயதுக் குழந்தை யாரும் இல்லை. கேசட் கெட்டுவிட்டதா?

நிழல்நாடா | வியாழன், இரவு 8.14

கெடவில்லை. கருவியின் பக்கவாட்டில் 2.4, 1.2 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். உங்களுடையது 2.4இல் இருக்கிறது. அப்பா நாடாவை மிச்சம் பிடிக்க 1.2இல் பதிந்திருக்கிறார், நொடிக்கு 1.2 சென்டிமீட்டர். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுகிறீர்கள். தள்ளிப் பாருங்கள்.

மேசைடிராயர் | வியாழன், இரவு 8.31

தள்ளினேன்.

அப்பாதான்.

கடிதம் சொல்கிறார். ‘அன்புடையீர் கமா நியூ பாரா தாங்கள் அனுப்பிய பேக்ஸ் கிடைக்கப்பெற்றோம் புல் ஸ்டாப் இரண்டாம் பக்கம் தெளிவாக இல்லை கமா ஆகவே’ என்று போகிறது. வீட்டில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு கமாவுக்கும் ஒரு மூச்சு விடுகிறார்.

ஸ்டென்சில்அக்கா | வியாழன், இரவு 9.02

அம்மா, அந்த ‘கமா’வெல்லாம் எங்களுக்காகச் சொல்வது. அந்தப் பக்கத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னை மாதிரி ஒருத்தி. மேசைக்கு அடியில் மிதி இருக்கும், மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், மறுபடி மிதித்தால் ஒன்றிரண்டு சொல் பின்னால் போய் ஆரம்பிக்கும். தையல் மெஷின் மாதிரி காலும் கையும் ஒன்றாகப் போகவேண்டும்.

கமா சொல்கிற அதிகாரி பத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் இருமுவார்கள், தும்முவார்கள், ‘அதையே மேலே சொன்ன மாதிரி போட்டுக்கோ’ என்பார்கள். எதை மேலே சொன்னார் என்று தேடி நான் கேசட் முழுக்க ஓட்டவேண்டும். உங்கள் அப்பாவுக்கு டைப் அடித்த பெண் கொடுத்துவைத்தவள்.

சிலர் நிறுத்த மறந்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் அரை மணி நேரம் மின்விசிறிச் சத்தம்தான்.

மேசைடிராயர் | வெள்ளி, காலை 6.20

அக்கா, அப்பாவும் மறந்திருக்கிறார். மறுபக்கத்தில் ஒரு கடிதத்தின் நடுவில் நிறுத்தாமல் விட்டுவிட்டார். நாற்காலி நகர்கிற சத்தம், தாள் புரட்டுகிற சத்தம், அப்புறம் ‘கிர்ர்ர்’ ‘கிர்ர்’ என்று டயல். யாருக்கோ போன் செய்கிறார். பேசவில்லை, ரிசீவரை வைத்துவிடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. மொத்தம் மூன்று தடவை.

பல்ஸ்டயல் ஐயா, அந்தச் சத்தத்தில் இருந்து நம்பரைக் கண்டுபிடிக்க முடியுமா? விளையாட்டாகத்தான் கேட்கிறேன். அந்தப் பகுதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றி உங்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

பல்ஸ்டயல் | வெள்ளி, காலை 11.45

விளையாட்டாகக் கேட்டாலும் நான் விளையாட்டாகச் செய்யவில்லை, காலையில் இருந்து இதே வேலை.

டயல் போகும் சத்தத்தை விட்டுவிட்டேன், அது விரலின் வேகம். திரும்பும் சத்தத்தை மட்டும் எடுத்து அலைவடிவத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்லவேளை ரிக்கார்டர் போனுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு சின்ன முள்ளாகத் தெரிகிறது, எண்ண முடிகிறது. கவர்னர் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, நொடிக்கு ஒன்பதரைதான் வருகிறது, எங்களிடம் புகார் கொடுத்திருந்தால் மாற்றியிருப்போம். ஒரு இலக்கத்தில் அவர் இருமியதால் ஏழா எட்டா என்று குழப்பம், இரண்டாவது தடவை டயல் செய்ததோடு ஒப்பிட்டதில் எட்டு என்று உறுதியாயிற்று. மூன்று தடவையும் ஒரே நம்பர். பொதுவில் போடவில்லை, தனிமடலில் பாருங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். கடைசி இலக்கம் திரும்பி நின்ற பிறகு இரண்டு, மூன்று நொடியில் ரிசீவரை வைத்துவிடுகிறார். மணி அடித்தால் மனுஷன் அத்தனை சீக்கிரம் வைக்கமாட்டான், ஏழெட்டு மணியாவது விடுவான். பிஸி டோன்தான். எக்ஸ்சேஞ்ச் நெரிசலாகவும் இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன், ஆனால் பத்து நிமிட இடைவெளி விட்டு மூன்று தடவையும் அப்படி என்றால், அந்தப் பக்கத்தில் யாரோ லைனை விடாமல் வைத்திருந்தார்கள்.

மேசைடிராயர் | வெள்ளி, இரவு 10.50

ஐயா, மடலைப் பார்த்தேன். அது எங்கள் பழைய வீட்டு நம்பர்.

1998இல் சாயந்தரம் அந்த லைனை யார் வைத்திருந்தது என்று இந்த இழையிலேயே நான் எழுதியிருக்கிறேன். எம், பூஜ்யம்.

மூன்றாவது தடவை ரிசீவரை வைத்த பிறகு நாற்காலி கிறீச்சிடுகிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்தில் இருந்து கடிதத்தைத் தொடர்கிறார்:

‘நியூ பாரா. தங்களைத் தொலைபேசியில் பலமுறை அழைத்தும், கமா, இணைப்புக் கிடைக்கவில்லை, புல் ஸ்டாப்.’